அமுங்கியே கிடந்த பட்டன்

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். 'சவுண்டு' என்று கேட்டால் தெருவே கை காட்டும். வார நாட்களில் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் மைக்கும் பழுது பார்க்கிற சின்னக் கடை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக் கூடத்தில், கடைசி வரிசைக்கும் பின்னால், மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி. இந்த இரண்டுக்கும் நடுவில் அவருடைய வாழ்க்கை அடங்கிவிடும். அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது ஒன்றே ஒன்று. அது அவருடைய சகலை.

சகலை உறவின் அருமை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே வீட்டில் பெண் எடுத்த குற்றத்துக்காக இரண்டு ஆண்களை ஆயுள் முழுக்கத் தராசில் ஏற்றி வைக்கிற உறவு அது. தராசைப் பிடித்திருப்பது மாமியார். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்தே இருவருக்கும் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

சவுண்டு மூத்த மாப்பிள்ளை. கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆகும்வரை அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "எங்க மாப்பிள்ளை கை பட்டா செத்த ரேடியோவும் எழுந்து பேசும்" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிவார். சாப்பிட உட்கார்ந்தால் கோழிக்கால் கேட்காமலே அவர் தட்டுக்கு வரும். அப்புறம் கொழுந்தியாளுக்கு மாப்பிள்ளை வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, ஒல்லியான ஆள், பேச்சே வராது. சரி, வாயில்லாப் பூச்சி என்று சவுண்டு நிம்மதியாக இருந்தார். முதல் விருந்தன்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நன்றிப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். அந்த வாயில்லாப் பூச்சி வாயைத் திறந்தது.

அப்படி ஒரு குரல். இரண்டாவது வரியில் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான்காவது வரியில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பாட்டு முடிந்தபோது கோழிக்கால் இடம் மாறியிருந்தது. சவுண்டு தன் தட்டில் கிடந்த கழுத்து எலும்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

கோழிக்காலோடு போயிருந்தால் பரவாயில்லை. அவருக்கும் பாட ஆசை. இளவட்ட வயதில் தலையை வாரிக்கொண்டு பாடகர் குழுவில் சேரப் போனவர்தான். குழுவை நடத்திய பாட்டு சார் இரண்டு வரி கேட்டுவிட்டு, தோளில் கை போட்டு வெளியே கூட்டி வந்தார். "தம்பி, உனக்குக் காது ராஜா காது. தொண்டைதான் வேற யாருக்கோ செஞ்சது தவறி வந்த மாதிரி இருக்கு. நீ பின்னால போய் மைக்கைப் பார்த்துக்கோ." அன்றைக்கு உட்கார்ந்த நாற்காலிதான். தன் தொண்டை எவ்வளவு மோசம் என்பது அந்த ராஜா காதுக்கே முதலில் தெரியும். கடவுள்மேல் அவருக்கு இருந்த வழக்கும் அதுதான். பசிக்கிறவனை அடுத்தவன் வீட்டுச் சமையலறையிலேயே வேலைக்கு வைத்த மாதிரி செய்துவிட்டாரே என்று.

ஆனால் வழக்கை அவர் கடவுளிடம் போட்டதே இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில், ஞாயிறுதோறும் வேதபாடம் நடந்த ஓய்வுநாள் பள்ளிச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். பெரிய கண் ஒன்று, சுற்றிலும் கதிர்கள். 'அவர் எல்லாவற்றையும் அறிகிறார்' என்று டீச்சர் குச்சியால் தட்டித் தட்டிச் சொல்வார். யார் பென்சில் திருடினாலும் அந்தக் கண்ணைத்தான் காட்டுவார். அந்தக் கண்ணுக்கு இமையே கிடையாது. வளர்ந்த பிறகும் சவுண்டுக்குக் கடவுள் என்றால் அந்தக் கண்தான். அதனால் ஜெபிக்கும்போது ஜாக்கிரதையாக இருப்பார். மிக்சரில் இரைச்சல் வருகிற மைக்கைக் கீழே இறக்கி, நல்ல மைக்கை மட்டும் ஏற்றி வைப்பது போல, மனதில் எரிகிறதை இறக்கிவிட்டு நல்ல நல்ல வார்த்தைகளாக மேலே அனுப்புவார். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடும் என்கிற கணக்குத்தான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். பாட்டு சாருக்கு வயதாகி, மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். சபையின் ஆண்டு ஆராதனையன்று குழுவை அடுத்தவரிடம் ஒப்படைப்பது என்று முடிவானது. அடுத்தவர் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை, அதற்குள் குழுவின் முதல் குரலாகிவிட்டிருந்த சகலைதான். முன்னால் நின்று பாடுகிறவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று சபை, காதில் மாட்டுகிற சின்ன இயர்போன் ஒன்றும் வாங்கிக் கொடுத்தது. அதைச் சகலையின் காதில் மாட்டிவிட வேண்டியது யார்? சவுண்டுதான். தன் கையாலேயே மாட்டிவிட்டு, வயரைச் சட்டைக்குள் விட்டு, "வலிக்குதா தம்பி" என்றும் கேட்டார்.

அந்த இயர்போனுக்கு ஒரு வழி மிக்சரில் உண்டு. மேசை ஓரத்தில் வளைந்த கழுத்தோடு ஒரு குட்டி மைக். அதற்குப் பக்கத்தில் ஒரு பட்டன். பட்டனை அமுக்கிப் பேசினால் பேச்சு கூடத்தில் யாருக்கும் கேட்காது. பாடுகிறவரின் காதுக்குள் மட்டும் போகும். "மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடி" என்று ரகசியமாகச் சொல்வதற்கு. இன்னொரு தரம் அமுக்கினால் பட்டன் மேலே வந்து வழி மூடிக்கொள்ளும். திறந்திருக்கிறது என்று காட்ட ஒரு சிவப்பு விளக்கு. அந்த விளக்கு எப்போதோ செத்துவிட்டது. ஊரில் உள்ள பெட்டிக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவர், தன் மேசையில் இருக்கிற கடுகளவு விளக்கை 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

இயர்போன் வந்த ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் டீயும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மாமியாருக்கு எப்போதும் கடைசி வரிசை. கதவுப் பக்கம் காற்று வரும். அந்த அம்மாள் மேடையில் நிற்கிற சின்ன மாப்பிள்ளையைப் பூரிப்போடு பார்த்துவிட்டு, பின்னால் திரும்பிச் சொன்னார்: "மாப்பிள்ளை, சின்னவர் பாடறப்போ ஆண்டவரே வந்து பக்கத்துல உட்கார்ந்த மாதிரி இருக்கு. நீங்க அந்த வயரெல்லாம் நல்லா பார்த்துச் செய்யுங்க. அவருக்கு ஷாக் அடிச்சிடப் போகுது."

சவுண்டு டம்ளரை ணங்கென்று மேசையில் வைத்தார். டீ கொட்டியது. பட்டன்கள்மேல் வழிந்ததைத் தோள் துண்டால் அழுத்தித் துடைத்தார். உள்ளே போனது உள்ளேயே காய்ந்தது.

அன்றைக்குத்தான் அது ஆரம்பித்தது. ஒவ்வொரு மைக்குக்கும் மிக்சரில் ஒரு வரிசைத் திருகுகள் உண்டு. நடுக்குரலுக்கென்று உள்ள திருகை லேசாக இடப்பக்கம் திருப்பினால், எப்பேர்ப்பட்ட குரலும் போர்வைக்குள் இருந்து வருவதுபோல மங்கும். சவுண்டு சகலையின் திருகைத் தொட்டார். ஒரேயடியாக இல்லை. வாரத்துக்குக் கொஞ்சம், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவு. கண்டுபிடிக்க அந்தக் கூடத்தில் இருந்த ஒரே காது அவருடையதுதான்.

தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்காது. கடையில் ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலோடு பேசிப் பழகிய வாய், மிக்சருக்கு முன்னாலும் முணுமுணுத்தது. "கண்ணை மூடிட்டா பரிசுத்தவான் ஆயிடுவியா? இந்தா, இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கோ. மேல போ, போ, தொண்டை உடையட்டும் பார்ப்போம்." இப்படி ஒரு பக்கம். பாட்டு சூடு பிடித்துவிட்டால் தன்னை மறந்து கூடவே முனகவும் செய்வார், தவறி வந்த அந்தத் தொண்டையால். காது ராஜாவானதால் தாளம் மட்டும் தவறாது.

பிரசங்கத்துக்குப் பின் அமைதி ஜெபம். சபையார் தலை குனிந்து அவரவர் மனதுக்குள் பேசிக்கொள்கிற நேரம். சவுண்டுக்கு உதடு அசையாமல் ஜெபிக்க வராது. மனைவிக்காக, கடைக்காகக் கேட்டுவிட்டு, கடைசியில் எப்போதும் ஒன்று கேட்பார். கொழுந்தியாளுக்கு இரண்டு தரம் வயிற்றிலேயே கலைந்து போயிருந்தது. அவருடைய மனைவி தங்கையை நினைத்துச் சமையலறையில் சத்தமில்லாமல் அழுவதை அவர் பார்த்திருக்கிறார். "ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளையைக் கொடும்" என்று வாரம் தவறாமல் கேட்பார். யாரிடமும் சொன்னதில்லை. வயிற்றெரிச்சல் பிடித்த வாயில் இந்த ஜெபமா என்று அவருக்கே கூச்சம்.

திருகு வேலை செய்தது. "சின்னவர் குரல் கம்மிப் போச்சே" என்று சபையில் பேச ஆரம்பித்தார்கள். கல்லெறி பட்டாலும் கண்ணெறி படக்கூடாது என்று மாமியார் பெருமூச்சு விட்டார். வெந்நீரும் தேனுமாகக் கொடுத்தனுப்பினார். சவுண்டுக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு சாயங்காலம் மாமியார் வீட்டில் எல்லாரும் வட்டமாகக் கை கோத்து நின்று சின்னவர் குரலுக்காக ஜெபித்தார்கள். மூத்தவர் என்பதால் சவுண்டைத்தான் ஜெபிக்கச் சொன்னார்கள். "பரலோகப் பிதாவே, எங்கள் அன்புத் தம்பியின் தொண்டையைத் தேவரீர் தொட்டுக் குணமாக்கும்" என்று ஆரம்பித்து அச்சடித்த மாதிரி முடித்தார். மனைவி பெருமையோடு அவர் கையை இறுக்கினாள். மறுபக்கக் கையைப் பிடித்திருந்தது சகலை. அந்தக் கை இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

ஆண்டு ஆராதனைக்கு முந்தின ஞாயிறு, போதகர் மேடையில் ஏறி ஒரு விஷயம் சொன்னார். பாடகர் குழுவை நடத்த நம் சின்னத் தம்பி தயங்குகிறார், குரல் காரணம் இல்லை என்கிறார், வேறு என்ன என்றும் சொல்லவில்லை, சபையார் ஜெபித்துக்கொள்ளுங்கள். கூடத்தில் சலசலப்பு. மாமியாருக்கு முகம் தொங்கிவிட்டது. சவுண்டு மிக்சர்மேல் குனிந்துகொண்டு, வாய்க்குள் தித்திக்கத் தித்திக்க, "ஸ்தோத்திரம்" என்று ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்தபின் மனைவிதான் சொன்னாள். "என்னங்க, தங்கச்சி கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டாளாம். 'விடு, அது எனக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல'ன்னு சொல்றாராம். யாருங்க அந்த இன்னொருத்தர்?"

"எனக்கென்ன தெரியும்" என்றார் சவுண்டு. சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

சனிக்கிழமை மத்தியானம் மைக்குகளைச் சோதித்துப் பார்க்க ஆராதனைக் கூடத்துக்குப் போனார். கூடம் காலி. வெயில் ஜன்னல் வழியாக வந்து வெறும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது. அவர் மேசையைத் திறந்து விசையைப் போட்டு வயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேடைப் பக்கக் கதவு வழியாகச் சின்னவர் உள்ளே வந்தார். நாளைக்கு நடத்தாவிட்டாலும் பாட வேண்டியிருக்கிறதே. பழக்கதோஷத்தில் இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். இருவருக்கும் நடுவில் கூடம் முழு நீளம் கிடந்தது.

சவுண்டு தலையைத் தூக்காமல், தன் மீசைக்கே கேட்காத சத்தத்தில் முணுமுணுத்தார். "வந்துட்டாருய்யா குயிலு."

"வந்துட்டேன் அண்ணே" என்றார் சின்னவர் மேடையிலிருந்து.

சவுண்டின் கை திருகின்மேலேயே நின்றது. கேட்டிருக்க முடியாது. இந்தத் தூரத்தில் கத்தினால்தான் கேட்கும். குட்டி மைக் பக்கம் அவர் மெதுவாகத் திரும்பினார். பட்டனைப் பார்த்தார். மேலே நிற்க வேண்டிய பட்டன் உள்ளே அமுங்கிக் கிடந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார். டீயின் சர்க்கரை கெட்டியாகப் பிடித்திருந்தது.

"கேக்குதா?" என்று மூச்சு விடுகிற அளவில் கேட்டார்.

மேடையில் சின்னவர் தலையாட்டினார்.

"எப்போ இருந்து?"

"எனக்கு இதை மாட்டிவிட்ட நாள்ல இருந்து."

தேள் கொட்டிய திருடன் கதைதான். கத்தவும் முடியாது, உட்காரவும் முடியாது. மாதக்கணக்காகப் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து நின்றது. பரிசுத்தவான். தொண்டை உடையட்டும். இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கோ. அப்படியானால் திருகும் தெரியும். போன வாரத்து ஸ்தோத்திரமும் தெரியும். இவ்வளவையும் காதுக்குள் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் வாராவாரம் ஆராதனை முடிந்ததும் நேரே மேசைக்கு வந்து "அண்ணே, சாப்பிட்டீங்களா" என்று கேட்டிருக்கிறான். கை கோத்து நின்ற அந்தச் சாயங்காலத்தில், அச்சடித்த ஜெபத்துக்கும் நின்றிருக்கிறான். சவுண்டுக்கு முகமெல்லாம் காந்தியது. ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தார்.

சின்னவர் நடந்து வந்து கடைசி பெஞ்சில், மாமியார் உட்காருகிற இடத்தில், உட்கார்ந்தார்.

"என்னைப் பெரிய நல்லவன்னு நினைச்சுக்காதீங்க அண்ணே. முதல் வாரம் மைக்கைத் தூக்கி உங்க மேல எறியலாம்னு இருந்துச்சு. அத்தைகிட்ட ஒண்ணு விடாம சொல்லி உங்க மானத்தை வாங்கணும்னு, பாடிக்கிட்டே மனசுக்குள்ள ஒத்திகை பார்த்தேன். அப்புறம் அமைதி ஜெபம் வந்துச்சு."

சவுண்டு நிமிரவே இல்லை.

"ஒரே வாய்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால என் தொண்டை உடையட்டும்னு சொன்ன வாய். அதே வாய் எங்களுக்குப் பிள்ளை கேக்குது. என் வீட்டுக்காரிக்காகக் கேக்குது. அவளை நினைச்சு அவ அக்கா அழறதைச் சொல்லிக் கேக்குது. அண்ணே, நான் அதுக்கு முன்னாலயே ஜெபிக்கிறதை விட்டுட்டேன். ரெண்டாவது தரமும் கலைஞ்சு போனப்பவே விட்டுட்டேன். மேடையில நின்னு பாடுவேன், அவ்வளவுதான். எனக்குப் பதிலா ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காருன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதுவும் நீங்க." அவர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பட்டன் சிக்கியிருக்குன்னு சொல்லணும்னுதான் வாராவாரம் வருவேன். சொன்னா அந்த ஜெபம் நின்னுடுமேன்னு சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டுப் போயிடுவேன்."

"அப்போ குழுவை ஏன் வேணாம்னு சொன்னே?"

"நீங்க எரிஞ்சுக்கிட்டே இருக்கறப்போ அங்க போய் நிக்க மனசு வரலை. அதுல கொஞ்சம் வீம்பும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். நான் விலகினா நீங்க வருத்தப்படுவீங்கன்னு பார்த்தேன். நீங்க ஸ்தோத்திரம்னு சொன்னீங்க."

இந்த இடத்தில் சவுண்டுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் இருமலாகத்தான் வெளியே போனது. துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் கேட்டும் எப்படிப்பா என் மூஞ்சியில முழிச்சே?"

சின்னவர் கொஞ்சம் யோசித்தார். பேச்சு வராத ஆள். அன்றைக்கு ஏற்கெனவே வருடத்துக்குண்டானதைப் பேசியிருந்தார். "நான் கேட்டது பாதிதான் அண்ணே. நீங்க முணுமுணுத்த பாதி. முணுமுணுக்காத பாதியையும் கேக்கறவர் ஒருத்தர் இருக்காரு. அவரே உங்களை இந்த நாற்காலியை விட்டு எழுப்பலை. நான் யாரு எழுப்ப?"

சவுண்டு அமுங்கிக் கிடந்த பட்டனைப் பார்த்தார். ஓய்வுநாள் பள்ளியின் கண் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருடமும் அந்தக் கண்ணுக்குப் பயந்து, இரைச்சலை இறக்கி, சுத்தமான சத்தத்தை மட்டும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தார். மேலே இருக்கிறவர் எல்லா மைக்கையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தொண்டை உடையட்டும் என்பதைக் கேட்டார். பிள்ளையைக் கொடும் என்பதையும் கேட்டார். முன்னதற்காகப் பின்னதைத் தள்ளிவிடவில்லை. கோழிக்கால் போட்ட மாமியாருக்கு அவரைப் பிடிக்கும், அவருக்குள் இருக்கிறது தெரியாததால். தெரிந்தால் என்ன ஆகும் என்கிற பயத்திலேயே அந்த வீட்டுப் படி ஏறுவார். கடவுளோ தெரிந்தே பக்கத்தில் வைத்திருக்கிறார். இன்றைக்கல்ல, முதலிலிருந்தே. அப்படிப்பட்டவரிடம் இனி எதை மறைக்க, எதற்காகப் பயப்பட? ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து விசுவாசி என்று சொல்லிக்கொண்ட மனுஷனுக்கு, கடவுளை நம்பலாம் என்று அந்தக் காலிக் கூடத்தில்தான் முதன்முதலாகத் தோன்றியது.

திருகைப் பிடித்து வலப்பக்கம், பழைய இடத்துக்குத் திருப்பினார். "தம்பி, நாளைக்குக் குழுவை நீயே எடுத்துக்கோ."

"எடுத்தா நீங்க எரிவீங்க."

"எரிவேன்தான். அதை நான் அவர்கிட்ட சொல்லிக்கிறேன். நீ நில்லு. இந்தப் பட்டனை இப்பவே கழற்றிச் சுத்தம் பண்ணிடறேன்."

"அது மட்டும் வேண்டாம் அண்ணே" என்றார் சின்னவர். "அப்படியே இருக்கட்டும். நீங்க கூட முனகறது கேட்டாத்தான் எனக்குத் தாளம் நிக்குது. பழகிப் போச்சு."

சவுண்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எவன்மேல் எரிகிறாரோ அவனுடைய காதுக்குள்ளேயே உட்கார்ந்து எரியச் சொல்கிறான். லேசான காரியமா அது? கடைசியில் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டார். செத்துப் போன சிவப்பு விளக்கை மட்டும் மாற்றினார். அது பளிச்சென்று எரிந்தது.

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. பாட்டு சார் குழுவை ஒப்படைத்தார். சின்னவர் வாயைத் திறந்தார். போர்வை விலகிய குரல் கடைசி வரிசைவரை வந்து சுவரைத் தொட்டுத் திரும்பியது. மாமியார் முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொண்டு திரும்பினார். "பார்த்தீங்களா மாப்பிள்ளை, தேன் வேலை செஞ்சிடுச்சு."

"தேன் இல்லை அத்தை. நான்தான் இங்க அவர் குரலைக் குறைச்சு வெச்சிருந்தேன், பொறாமையில. நேத்துத்தான் ஏத்தினேன்."

அத்தை அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "உங்களுக்கு எப்பவும் விளையாட்டுத்தான். கோயில்ல உட்கார்ந்துகிட்டா இப்படி?" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், அது எங்கே போகும்? குரல் மேலே ஏற ஏற அவருடைய காதில் புகை வந்துகொண்டுதான் இருந்தது. தன் தொண்டையில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இப்படி வந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் கை திருகுப் பக்கம் போகவில்லை.

அமைதி ஜெப நேரம் வந்தது. அத்தனை தலையும் குனிந்தது. சவுண்டு சிவப்பு விளக்கைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது. நேற்றுவரை தெரியாமல் பேசினார். இன்றைக்குத் தெரிந்தே பேச வேண்டும். குட்டி மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பரலோகப் பிதாவே என்றோ தேவரீர் என்றோ அவருக்கு வாயில் வரவில்லை.

"ஆண்டவரே, உமக்குத் தெரியும். இதோ, இவனுக்கும் தெரியும். இப்பவும் பொறாமையாத்தான் இருக்கு. அந்தக் குரல் எனக்கு வந்திருக்கணும்னு இருக்கு. இதை வெச்சுக்கிட்டே கேக்கறேன், என்னைத் தள்ளிடாதேயும். அவன் குரலைக் காப்பாத்தும். அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளையைக் கொடும்."

ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. அந்த அமைதியில், கண்ணை மூடி நின்றிருந்த சின்னவரின் மைக் வழியாக, கூடத்தின் எல்லா ஸ்பீக்கரிலும், கொஞ்சம் உடைந்த குரலில், "ஆமென்" என்று கேட்டது.

போதகர் திடுக்கிட்டு ஒரு கண்ணைத் திறந்தார். சபையில் நாலைந்து பேர் ஜெபம் முடிந்தது என்று நினைத்து நிமிர்ந்துவிட்டு, மறுபடி அவசரமாகக் குனிந்தார்கள். மாமியார் பின்பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "போதகரே இன்னும் முடிக்கலை, சின்னவருக்கு என்ன அவசரம்?"

சவுண்டு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அடுத்த பாட்டுக்காகச் சகலையின் மைக்கை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்தார்.